அண்ணன் காலில் கட்டியது என்ன கட்டு?

இது நீளமான பதிவு. அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் என் அண்ணன் இரண்டு காலிலும் செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிற படத்தைப் போட்டிருந்தேன். வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆனால் வாழ்த்தைவிட ஒரு கேள்விதான் அதிகமாக வந்தது. "டீச்சர், அது என்ன டிரெஸ்ஸிங்? பேரை மட்டும் சொல்லுங்க, எங்க அப்பாவுக்கும் வாங்கணும்." சின்ன மாமா பையன் போனிலேயே கேட்டுவிட்டான். பேரைச் சொன்னால் நீங்கள் நேராக மருந்துக்கடைக்குத்தான் போவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? அதனால் கம்பெனிப் பேர் எதுவும் இந்தப் பதிவில் வராது. எந்த வகைக் கட்டு, அது என்ன செய்கிறது, எதைச் செய்யாது என்பதைச் சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்துவிட்டு, ஐந்தாம் வகுப்புவரை எல்லாப் பாடத்தையும் எடுத்தவள். பத்து மாதத்துக்கு மேல் ஒரு புண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததையும், டாக்டரிடமும் நர்ஸிடமும் கேட்டுக் குறித்து வைத்ததையும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும்தான் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு எழுபத்திரண்டு வயது. சுகர் வந்து பதினெட்டு வருடம். போன பங்குனியில் உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு மூன்று முறை சுற்றியிருக்கிறார். கூட வந்தவர்கள் கோணிச் சாக்கின்மேல் ஓடி ஓடிப் போனார்களாம். இவர் மட்டும் நிதானமாக நடந்தாராம். அதைப் பெருமையாக வேறு சொன்னார். பக்தியினால் சூடு தெரியவில்லை என்றார். சுகர் பாதத்து நரம்பைக் கெடுத்து வருடக்கணக்கில் ஆகிவிட்டதால்தான் தெரியவில்லை. மறுநாள் வலது காலில், இரண்டாம் விரலுக்கு அடியில் கொப்புளம். அது உடைந்து, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண் ஆனது.

அதற்குப் பிறகு ஏழு மாதம். ஊர்ப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் தினமும் கட்டு மாற்றினார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவார்கள், புசுபுசுவென்று நுரை வரும். "பாருங்க, கிருமி எல்லாம் பொங்கி வருது" என்பார்கள், நாங்களும் திருப்தியாகத் திரும்பி வருவோம். அந்த நுரை நம் ரத்தத்திலும் சதையிலும் இருக்கிற ஒரு நொதி பட்டாலே வரும், கிருமிக்கு அது சாட்சி இல்லை என்பது பிறகு தெரிந்த விஷயம். ஆன்டிபயாடிக் மாத்திரை ஒரு வாரம் கொடுப்பார்கள். நாற்றம் குறையும், நீர் வடிவது குறையும், அண்ணி முகத்தில் சிரிப்பு வரும். மாத்திரை நின்ற நாலாம் நாள் பழையபடி ஆகிவிடும். வேறு மாத்திரை. மறுபடி அதே கதை. மூன்று தடவை இப்படி.

புண்ணைப் பார்த்தால் பயங்கரமாகக்கூட இருக்காது. மேலே ஒரு மினுக்கம், மெழுகு பூசின மாதிரி. பஞ்சால் துடைத்தால் போய்விடும். மறுநாள் கட்டைப் பிரித்தால் திரும்ப அங்கேயே இருக்கும்.

ஐப்பசி மாதம் விரல் கறுத்தது. வேறொரு இடத்தில் காட்டினோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் நல்லது, வைத்திருந்தால் மேலே ஏறும் என்றார்கள். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, "பாப்பா, போறதுன்னா முழுசா போறேன். பாதி பாதியா அனுப்பாதீங்க" என்றார். எங்கள் பள்ளிச் சத்துணவு ஆயாவை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவருக்கும் இப்படித்தான் ஒரு காலை எடுத்தார்கள். அடுத்த வருடமே போய்விட்டார். காலை எடுத்த சர்க்கரை நோயாளிகளில் பலர் சில வருடங்களுக்குமேல் இருப்பதில்லை. அது அண்ணனுக்கும் தெரியும். அன்று இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அப்போதுதான் நம் பள்ளியில் படித்த ஒரு பெண்ணின் ஞாபகம் வந்தது. நர்ஸ் படிப்பு முடித்து, வளைகுடா நாட்டில் புண் சிகிச்சைப் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது திருச்சியில் வேலை பார்க்கிறாள். பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வீடியோவில் புண்ணைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "டீச்சர், நம்ம ஸ்கூல் தண்ணித் தொட்டி ஞாபகம் இருக்கா?"

உங்களுக்கும் இருக்கும். பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டி. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை தண்ணீரைத் திறந்துவிட்டு, பெரிய பையன்கள் உள்ளே இறங்கி, தேங்காய் மட்டையாலும் தென்னந்துடைப்பத்தாலும் சுவரைத் தேய்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் பிளீச்சிங் பவுடர். ஒரு வருடம் பரீட்சை நேரத்தில், தேய்க்காமல் பவுடரை மட்டும் போட்டுவிடச் சொன்னார் தலைமையாசிரியர். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. சுவரில் கை வைத்தால் வழவழப்பு அப்படியே இருந்தது. நாலு நாளில் வாடை வந்துவிட்டது.

"ஐயா காலில் இருக்கிறதும் அந்த வழவழப்புதான் டீச்சர். ஏழு மாசமா பவுடர் மட்டும் போட்டுக்கிட்டு இருக்காங்க. யாரும் தேய்க்கல" என்றாள்.

அதற்குப் பேர் பயோஃபிலிம். கிருமிப் படலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வகுப்பில் பாக்டீரியாவைப் பற்றிச் சொல்லும்போது, தனித்தனியாக நீந்துகிற உயிர் என்றுதான் படம் போடுவேன். பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. உண்மையில் அவை ஒரு பரப்பு கிடைத்தால் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியதும் பெருகி, தங்களைச் சுற்றி ஒரு பசையைச் சுரக்கின்றன. சர்க்கரைப் பொருள், புரதம், டிஎன்ஏ எல்லாம் கலந்த பசை. அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. ஒன்றுக்கொன்று ரசாயனச் சமிக்ஞை அனுப்பிக்கொள்கின்றன. காலையில் எழுந்ததும் பல்லில் நாக்கை ஓட்டினால் ஒரு வழவழப்பு இருக்கிறதே, அதுவும் பயோஃபிலிம்தான்.

லீவன்ஹூக் என்ற டச்சுத் துணி வியாபாரியை உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். தானே லென்ஸ் தேய்த்து முதன்முதலில் பாக்டீரியாவைப் பார்த்தவர். அவர் 1680களில் தன் பல் அழுக்கைச் சுரண்டி லென்ஸுக்கு அடியில் வைத்தார். அதில் நெளிகிற உயிர்களைப் பார்த்துவிட்டு, வினிகரால் வாயைக் கொப்பளித்துப் பார்த்தார். அழுக்கின் வெளிப்பக்கம் இருந்தவைதான் செத்தன, வினிகர் உள்ளே போகவில்லை என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். முந்நூற்று நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மனிதர் தன் வாயிலேயே செய்து பார்த்த சோதனை! பயோஃபிலிம் பற்றிய ஆராய்ச்சி சூடு பிடித்தது 1978க்குப் பிறகுதான். கனடாவைச் சேர்ந்த காஸ்டர்டன் என்ற நுண்ணுயிரியலாளர், கிருமிகள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்று அந்த வருடம் எழுதிய கட்டுரை பலருடைய கண்ணைத் திறந்தது.

புண்ணில் இந்தப் படலம் உண்டா என்று எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்த ஆய்வு 2008இல் அமெரிக்காவில் வந்தது. நாள்பட்ட புண் 50 எடுத்துப் பார்த்ததில் 30இல் படலம் இருந்தது. புதுக் காயம் 16இல் ஒன்றே ஒன்றில்தான் இருந்தது.

ஆன்டிபயாடிக் ஏன் தோற்றது என்பதும் இதில் விளங்கிவிடுகிறது. பல ஆன்டிபயாடிக்குகள் வளர்ந்து பெருகுகிற கிருமியைத்தான் கொல்லும். படலத்தின் அடியில் இருப்பவை பாதி உறக்கத்தில் கிடக்கின்றன. மருந்தும் பசையைத் தாண்டி முழுசாகப் போய்ச் சேருவதில்லை. மிதக்கிற கிருமியைக் கொல்லும் அளவைப்போல நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மருந்து தேவைப்படலாம் என்கிறார்கள். அந்த அளவை மனுஷனுக்குக் கொடுக்க முடியுமா? மாத்திரை வெளியே சுற்றுகிறவற்றைக் கொல்லும், நாற்றம் குறையும். மாத்திரை நின்றதும் உள்ளேயிருந்து புதுசாகக் கிளம்பி வரும். நம் வெள்ளை அணுக்களும் சும்மா இருப்பதில்லை. படலத்தை விழுங்க முடியாமல், தங்களிடம் இருக்கிற நொதியை எல்லாம் அங்கேயே கொட்டுகின்றன. அது படலத்தைவிட நம் புதுச் சதையைத்தான் அதிகம் அரிக்கிறது. புண் ஆறவும் ஆறாமல், பெரிசாகவும் ஆகாமல் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

திருச்சிக்குப் போனதும் அவர்கள் முதலில் கட்டைப் பற்றிப் பேசவே இல்லை. டாப்ளர் என்கிற சோதனை செய்து காலுக்கு ரத்தம் வருகிறதா என்று பார்த்தார்கள். வந்தது. ரத்தம் வராத காலில் சுரண்டவும் கூடாது, எந்தக் கட்டும் உதவாது என்றார் டாக்டர். எக்ஸ்ரே எடுத்ததில் இரண்டாம் விரல் எலும்பு அரித்திருந்தது. அந்த விரலை எடுத்தார்கள். ஆமாம், படத்தில் செருப்பு மறைத்துக்கொண்டிருக்கிறது, அண்ணனுக்கு இப்போது வலது காலில் நாலு விரல். மாத்திரையைப் புண்ணின் மேலே துடைத்து எடுத்த நீரை வைத்து முடிவு செய்யாமல், உள்ளேயிருந்து எடுத்த சதையைச் சோதித்து மாற்றினார்கள். சுகருக்கு இன்சுலின் ஆரம்பித்தார்கள்.

பிறகு சுரண்டல். டிபிரைட்மென்ட் என்பார்கள். வாரத்துக்கு ஒரு முறை, டாக்டரே கத்தியும் சின்னக் கரண்டி மாதிரி ஒரு கருவியும் வைத்து, மேலே இருக்கிற மெழுகையும், மஞ்சள் சவ்வையும், ஓரத்தில் தடித்துப்போன காய்ப்பையும் எடுத்தார். ரத்தம் புள்ளி புள்ளியாகக் கசிகிறவரை எடுத்தார். எனக்குப் பார்க்க முடிந்தது, அண்ணனுக்கு வலியே இல்லை. "ஐயா, வலிக்குதா?" என்று கேட்டால், "எங்க செய்யறீங்க?" என்பார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த இடத்தில்தான் நீங்கள் கேட்ட கட்டு வருகிறது.

சுரண்டியபிறகு படலம் உடனே போய்விடாது. மிச்சம் இருப்பவை ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் மறுபடி கூடு கட்டிவிடும். ஆனால் அந்த முதல் ஓரிரு நாள் அவை பலவீனமாக இருக்கும். பசை இன்னும் கெட்டியாகியிருக்காது, மருந்து உள்ளே போகும். அந்த இடைவெளியில் கூடு கட்டவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தக் கட்டின் வேலை. நம் தொட்டியில் தேய்த்தபிறகு போடுகிற பிளீச்சிங் பவுடர் மாதிரி. தேய்க்காமல் இந்தக் கட்டைப் போட்டால், காசைப் பாசிமேல் தூவுகிற கதைதான்.

அண்ணனுக்கு மூன்று வகை மாற்றினார்கள். அதனால்தான் 'அது என்ன கட்டு' என்ற கேள்விக்கு ஒரு பேரில் பதில் கிடையாது.

முதலில் அயோடின். நாம் தடவுகிற சாதாரண அயோடின் களிம்பு அல்ல. மாவுச்சத்தால் செய்த குட்டிக் குட்டி மணிகளுக்குள் அயோடினை அடைத்திருக்கிறார்கள். கேடெக்சோமர் அயோடின் என்று பேர். மணி புண்ணின் நீரைக் குடித்து ஊதும். ஊத ஊத அயோடினைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். வைக்கும்போது கரும்பழுப்பு, தீர்ந்ததும் வெளுத்துவிடும். வெளுத்தால் மாற்ற வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடும். தைராய்டு கோளாறு இருப்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு யோசித்துத்தான் போட வேண்டும். அண்ணிக்குத் தைராய்டு உண்டு. அண்ணனுக்கு வாங்கியதில் மீதியை அண்ணி தன் குதிகால் வெடிப்புக்குத் தடவப் போனார். நல்ல வேளை, நர்ஸ் பெண் பார்த்துத் தடுத்தாள்.

அடுத்து வெள்ளி. வெள்ளி அயனிகள் கிருமியைக் கொல்லும் என்பது பழைய சங்கதி. ஆனால் கெட்டியான படலத்தில் வெள்ளி மட்டும் அவ்வளவாக எடுபடாது. அதனால் சில புது வகைகளில் கூட இரண்டு பொருள் சேர்க்கிறார்கள். படலத்தின் பசையைக் கால்சியம், மெக்னீசியம் போன்ற உலோக அயனிகள் கொக்கி போட்டுப் பிடித்திருக்கின்றன. அந்தக் கொக்கியைக் கழற்ற ஒரு பொருள், கழன்றதை நெகிழ்த்திவிடச் சோப்பு மாதிரி ஒன்று. பசை தளர்ந்தபின் வெள்ளி உள்ளே நுழைகிறது. எண்ணெய்த் தலையில் வெறும் தண்ணீர் ஊற்றுவதற்கும் சீயக்காய் போட்டுத் தேய்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். இரண்டு வாரம் போட்டுப் பார்த்து, முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். மாதக்கணக்கில் வெள்ளிக் கட்டு போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. அண்ணனுக்கு நாலாவது வாரம் புண்ணின் அடி இளஞ்சிவப்பாக, மாதுளை முத்து மாதிரி துருத்திக்கொண்டு வந்தது. அது நல்ல சதை. உடனே வெள்ளியை நிறுத்திவிட்டு, மருந்து எதுவும் இல்லாத சாதாரண ஃபோம் கட்டுக்கு மாறினார்கள். கடைசிவரை அதுதான்.

இன்னொரு வகையைப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குப் போட்டதைப் பார்த்தேன். பச்சை நிறத் துணி. அதிலிருந்து மருந்து எதுவும் வெளியே வராது. துணிமேல் தண்ணீரோடு ஒட்டாத ஒரு பூச்சு. பல கிருமிகளின் மேல்தோலும் தண்ணீரோடு ஒட்டாத குணம் உள்ளது. ரசத்தில் மிதக்கிற எண்ணெய்ப் பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றனவே, அதேபோல் கிருமி போய்த் துணியில் ஒட்டிக்கொள்கிறது. கட்டை எடுக்கும்போது கூடவே வந்துவிடுகிறது. கொல்லாமல் கூட்டிக்கொண்டு போவது. எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

தேன் பற்றிக் கேட்டவர்களுக்கு: உண்டு, தேன் கட்டும் உண்டு. தேனின் சர்க்கரை கிருமியிடமிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும், புளிப்புத் தன்மையும் உண்டு. ஆனால் அது காமா கதிரால் சுத்தம் செய்த மருத்துவத் தேன். எங்கள் சித்தப்பா மகன் கொல்லிமலைத் தேன் ஒரு பாட்டில் கொண்டுவந்து, "அக்கா, இதைத் தடவுங்க, பத்தே நாள்" என்றான். வீட்டுத் தேனில் கிளாஸ்டிரிடியம் என்கிற கிருமியின் வித்துகள் இருக்கலாம். திறந்த புண்ணில் அதை விடக் கூடாது. அந்தத் தேனை அண்ணன் பேரப்பிள்ளைகள் தோசைக்குத் தொட்டுத் தீர்த்துவிட்டார்கள். காப்பித்தூள், மஞ்சள், மூக்குப்பொடி, வெட்டுக்காயப் பூண்டுச் சாறு என்று சிபாரிசு வராத நாளே இல்லை. காட்டில் களையெடுக்கும்போது பட்ட சின்ன வெட்டுக்கு அந்தப் பூண்டைக் கசக்கி நானும் வைத்தவள்தான். உணர்வில்லாத பாதத்தில் ஏழு மாதப் புண் என்பது வேறு ஜாதி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுகளைப் பற்றி ஆய்வுக்கூடத்தில் கிடைத்த நல்ல முடிவுகள் நிறைய. மனிதர்களிடம் கிடைத்த சான்று அந்த அளவுக்கு இல்லை. சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்காக வழிகாட்டுதல் வெளியிடும் சர்வதேச வல்லுநர் குழு, 2023இல், புண் ஆறட்டும் என்பதற்காக மட்டும் கிருமிநாசினிக் கட்டுகளையோ தேனையோ பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் நேரே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிதாம்மா. எல்லாப் புண்ணுக்கும் போடறது வீண். இவருக்குச் சுரண்டின ரெண்டாம் நாளே மெழுகு திரும்பி வந்துச்சு. அதனால கொஞ்ச நாளைக்கு மட்டும். அடி சிவந்ததும் எடுத்துட்டேன் பாருங்க" என்றார். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. உங்களுக்குச் சிகிச்சை செய்பவரிடமும் கேளுங்கள். பதில் சொல்ல மறுக்கிறவரைவிடச் சொல்கிறவர் மேல்.

புண்ணைக் காற்றாட விட வேண்டும், காய்ந்தால்தான் ஆறும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். லண்டனில் ஜார்ஜ் வின்டர் என்பவர் 1962இல் பன்றிகளை வைத்துப் பார்த்தார். மெல்லிய பாலித்தீன் தாளால் மூடி ஈரம் காத்த காயத்தில், காற்றுப்பட விட்டதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் தோல் மூடியது. இன்றைய நவீனக் கட்டுகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. காய்ந்த காஸ் துணியைப் பிய்த்து எடுக்கும்போது புதுத் தோலும் கூடவே போய்விடுகிறது. தீக்காயத்துக்கு வாழையிலையில் படுக்கவைத்த நம் ஊர்ப் பழக்கம், ஒட்டாது என்கிற ஒரு விஷயத்தில் எவ்வளவு சரியாக இருந்திருக்கிறது பாருங்கள்.

கட்டைவிடப் பெரிய சண்டை நடந்தது அண்ணனின் நடையோடுதான். புண் இருக்கிற இடத்தில் எடை விழக் கூடாது. முன்பாதம் தரையில் படாத ஒரு செருப்பும், வாக்கரும் கொடுத்தார்கள். அண்ணன் பாத்ரூமுக்கு மட்டும் அதைப் போட்டுக்கொள்வார், கொல்லைக்கு மாட்டைப் பார்க்கப் போகும்போது கழற்றிவிடுவார். "வலிக்கவே இல்ல பாப்பா" என்பார். வலிக்காததுதானே அண்ணே நோயே! இந்தப் பாடத்தை உலகத்துக்குச் சொன்ன இடங்களில் ஒன்று நம் வேலூர். பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கால் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அழுத்தப்பட்டுக் கெடுகிறது என்று காட்டினார். மாவுக்கட்டுப் போட்டுப் புண்ணுக்கு ஓய்வு கொடுத்தால் ஆறுகிறது என்றும் பார்த்தார். பிறகு அமெரிக்கா போனபோது அதே முறையைச் சர்க்கரை நோயாளிகளுக்கும் கொண்டுபோனார். இன்று சுகர்காரர்களுக்கு எழுதித் தருகிற எம்.சி.ஆர். செருப்பு, அந்தக் காலத்தில் தொழுநோயாளிகளுக்காக உருவானது. படத்தில் அண்ணன் போட்டிருப்பதும் அதுதான். "தொழுநோய்க்காரன் செருப்பா?" என்று முதலில் முகம் சுளித்தார். இந்தக் கதையைச் சொன்னபிறகு போட்டுக்கொண்டார்.

செலவைப் பற்றி. அண்ணன் மகன் திருப்பூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். "அத்தை, இந்த ஒரு தாள் விலைக்கு ஒரு மாசம் காஸ் துணி வாங்கலாம்" என்று போனில் சத்தம் போட்டான். அவன் சொன்னதும் நியாயம்தான், பிள்ளைகள் படிப்புச் செலவு அவனுக்கு. ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஊரில் தினமும் ஆட்டோவும் கட்டுக் கூலியும் சேர்ந்து முந்நூறு ரூபாய். ஏழு மாதத்துக்கு அறுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஆன்டிபயாடிக் தனி. திருச்சியில் விரல் ஆபரேஷனை விட்டுவிட்டுப் பார்த்தால், வாரம் இரண்டு கட்டும் போக்குவரத்தும் சேர்ந்து முடிவில் நாற்பதாயிரம்கூட ஆகவில்லை. மருந்துக் கட்டு போட்டது மொத்தம் நாலு வாரம்தான். நோட்டைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். பதில் எழுதவில்லை, பணம் அனுப்பினான்.

தை கடைசியில் புண் மூடியது. திருச்சிக்குப் போனதிலிருந்து பதினாலு வாரம். மூடிய தோல் இன்னும் வெற்றிலை மாதிரி மெல்லிசாக இருக்கிறது. மறுபடி திறக்க வாய்ப்பு அதிகம், ஒரு முறை புண் வந்த பாதத்துக்கு அது எப்போதும் இருக்கிற ஆபத்து என்று எச்சரித்திருக்கிறார்கள். தினமும் இரவு அண்ணி கைக்கண்ணாடி வைத்துப் பாதத்தின் அடியைப் பார்க்கிறார். மாதம் ஒரு தடவை காய்ப்பை மட்டும் டாக்டர் சீவி விடுகிறார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது நாலு வாரமாக ஆறாத புண் இருந்தால், கூட்டிப்போகும்போது டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்: காலுக்கு ரத்த ஓட்டம் பார்த்தாயிற்றா, எலும்புக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா, சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்குமா, எடை விழாமல் இருக்க என்ன செய்வது. கட்டைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகு. ஒருபோதும் வீட்டில் பிளேடு, நகவெட்டி வைத்துச் சுரண்டப் போகாதீர்கள். என் பதிவைப் படித்துவிட்டு யாராவது அப்படிச் செய்தால் எனக்குத் தூக்கம் வராது. சிவந்து சூடாகிப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விரல் கறுத்தாலோ, இந்தப் பதிவை மூடிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

திருச்சியில் எங்கே பார்த்தோம் என்று கேட்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். அரசுப் பெரிய ஆஸ்பத்திரிகளில் பாதச் சிகிச்சை எந்த நாளில் பார்க்கிறார்கள் என்று நம் மாணவர்கள் இரண்டு பேர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள், தெரிந்ததும் அதையும் எழுதுகிறேன். புண்ணின் படத்தை மட்டும் இங்கே பொதுவில் போட வேண்டாம். சின்னப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். எனக்குத் தனியாக அனுப்புங்கள், நர்ஸ் பெண் டியூட்டி முடிந்து இரவு ஒன்பது மணிக்குமேல் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.